ஒரு சாண்

ஹவுன்ஸ்லோவில் ஒரு பார்சல் கிடங்கில் என்னோடு பகல் ஷிப்ட் செய்தவர் அவர். நெட்டையான ஆள், எப்போதும் இரண்டு நாள் தாடி. தேநீர் நேரத்தில் மற்றவர்கள் பிள்ளைகளின் படங்களைக் காட்டுவார்கள். அவர் போனில் ஒரு வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓய்வுக்காலத்துக்கென்று போர்த்துக்கலில் ஒரு கிராமத்துக் காணி வாங்கியிருந்தார். அங்கே எல்லைக்கு வெறும் கற்கள்தான். எங்கள் ஆளுக்கு அது போதுமா? அத்திக் கிளைகளை வெட்டி, ஊரில் செய்வதுபோல் உயிர்வேலிக் கதியாலாக ஊன்றினார். இங்கிருந்து போனில் பார்க்க ஒரு கமராவும் பூட்டினார்.

"பக்கத்துக் காணிக்காரன் கரைச்சல் குடுக்கிறானோ, அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லைத் தம்பி. நான்தான் கல்லைத் தாண்டி அந்தாளின்ர பக்கம் ஒரு சாண் தள்ளி நட்டனான். யோசிச்சுச் செய்யேல்லை. ஊரில அப்பா நட்ட மாதிரிக் கை தன்ரபாட்டில போயிட்டுது."

"அவர் சண்டைக்கு வரேல்லையோ?"

"வரேல்லை. கிழவன் ஒவ்வொரு நாளும் வந்து, தொப்பியைக் கழட்டிப்போட்டு, அந்தக் கல்லடியில பேசாமல் நிண்டிட்டுப் போகும். ஏசியிருந்தா நானும் ஏசியிருப்பன். மாசியில ஆள் செத்துப்போச்சு."

போனை எட்டிப் பார்த்தேன். வெயிலில் வேலி மட்டும் நின்றது. அவர் கண்ணை எடுக்கவில்லை.

"கதியாலைப் பிடுங்கி இஞ்சால நடலாம்தானே?"

"ஏலாது. எல்லாம் வேர் விட்டிட்டுது."

அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. என் வீட்டுப் பின்வளவுப் பலகை வேலியும் நானே போட்டதுதான். இன்னும் அளந்து பார்க்கவில்லை.