மெல்பேர்னை மணந்து பார்த்தவர்

எழுபதுகளில் சிட்னியில் மகனோடு இருந்தேன். குளிர்கால லீவுக்குப் பிரிஸ்பேன் போனால் என் முழங்காலுக்குக் கொஞ்சம் வெயில் கிடைக்கும். மகனும் சம்மதித்திருந்தான். அதைக் கெடுக்க வீட்டுக்கு வந்து சேர்ந்தார் மகனுக்குத் தெரிந்த ஒரு கணக்கு வாத்தியார்.

வழுக்கைத் தலை, கழுத்தில் பட்டு மஃப்ளர். நான் கொடுத்த தேத்தண்ணீரை மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி ஆற அமர மணந்துவிட்டுத்தான் குடித்தார்.

“ஓவியப் படமும் சாப்பாடும் விரும்புற ஆக்கள் மெல்பேர்னுக்கல்லோ போகவேணும்! பிரிஸ்பேனில என்ன கிடக்கு, வெயில்தானே?” என்றார். ஓவிய மண்டப வாசலில் தண்ணீர் வழியும் கண்ணாடிச் சுவரையும், இத்தாலிக்காரர் கடையில் சீஸ் உருகுவதையும் அவர் சொல்லச் சொல்ல, மகன் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். என் வெயில் போயிற்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “தம்பி, நீங்கள் அங்க என்ன சாப்பிட்டனீங்கள்?”

“சிவ சிவா! அவங்கள் எல்லாத்துக்கும் மாட்டுக்கொழுப்பெல்லோ போடுவாங்கள். நான் புட்டுக் கட்டிக்கொண்டு போனனான், அன்ரி. கடை வாசலில நிண்டு மணந்துபோட்டு வந்திடுவன்.”

“படத்தையும் வாசலில நிண்டுதான் பாத்தனீங்களோ?”

மனிதர் அசையவில்லை. “மணத்துக்கு மேல என்ன கிடக்கு, அன்ரி?” என்றார்.

மகன் மெல்பேர்னுக்கே கூட்டிப்போனான். முழங்கால் விறைக்க விறைக்க அதே கடையில் உட்கார்ந்து, மரக்கறிதானா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வாத்தியார் சொன்ன ருசியில் பாதிகூட அதில் இல்லை. வாயில் வைக்காத மனிதர் மிச்ச ருசியை எங்கேயிருந்து எடுத்தார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.