ஆரம்பம் இல்லாதவரும் அறுத்துப் போட்ட பாவும்

ஞானஸ்நானம் எடுத்துவிட்டு ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், களம்பூர் போகும் வழியில் ஒரு கழனிக் கிணற்றில் எனக்கு முழுக்கு நடந்தது. எங்கள் நெசவுத் தெருவில் நான்தான் முதல் ஆள். தெற்கே இருந்து வந்திருந்த பாஸ்டர், "இன்னைக்குத்தான் உங்களுக்கு ஆரம்பம், பிரதர். பழசு எதுவும் ஒட்டக் கூடாது" என்றார். வேதத்தின் முதல் பக்கத்தில் கடவுள் ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாவற்றையும் ஆரம்பித்தாரே, அதுபோல என்று விளக்கமும் சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுத் தறியில் அப்போதுதான் பாவு என்கிற நெடுக்கு இழை தீர்ந்து, கடைசிச் சேலையை அறுத்திருந்தோம். பாவு தீர்ந்தாலும் அதன் நுனியை யாரும் உருவிப் போடமாட்டார்கள். அச்சின் பற்களிலும் விழுதின் கண்ணிகளிலும் கோத்தபடியே விட்டுவைத்து, புதுப்பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு சாம்பல் தொட்டுத் திரித்து இணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. அந்தப் பழைய பாவுக்கு அவள் மஞ்சள் தடவிக் கற்பூரம் காட்டியிருந்தாள். அந்த ஒரே காரணத்துக்காக மொத்தத்தையும் வெட்டி உருவிக் குப்பையில் போட்டேன்.

அம்மா வந்து வெறும் அச்சைப் பார்த்தாள்.

"இன்னாடா பண்ணிகினு கீற?"

"புதுசா ஆரம்பிக்கிறேம்மா."

"எத்த வெச்சி?"

அவள் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நாள்கணக்கில் தறியோடு குனிந்து, மங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒவ்வோர் இழையாக விழுதிலும் அச்சிலும் புதிதாகக் கோத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்தபடி அவளுக்கு இரட்சிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

சில வருடம் கழித்து அம்மா இறந்தாள். மூத்த மகன் நான். கொள்ளி வைக்கக் கூடாது, வாய்க்கரிசி போடக் கூடாது, அந்தச் சடங்கு நடக்கும் இடத்தில் நிற்கவே கூடாது என்றார் பாஸ்டர். சரியென்று தலையாட்டினேன். தம்பி வந்து கையைப் பிடித்து இழுத்தான். "சும்மா வந்து நில்லுண்ணா, ஒண்ணியும் பண்ண வாணாம்" என்று அழுதான். அவன் கையை உதறிவிட்டு, ஜெபக்கூடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மேளச் சத்தம் தெரு வழியாகப் போனது காதில் விழுந்தது.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் கடவுளின் நித்தியத்தைப் பற்றி. உலகம் உண்டாகும் முன்பே அவர் இருந்தார், அவருக்கு ஆரம்பமும் இல்லை முடிவும் இல்லை என்று பாஸ்டர் முழங்கினார். ஆரம்பமே இல்லாதவர், நான் கிணற்றில் முங்கிய நாளிலா என் வீட்டுக்கு முதன்முதலாக வந்தார்? எழுந்து நின்றேன். பிரசங்கத்தின் நடுவில் எங்கள் சபையில் யாரும் எழுந்ததில்லை.

"எங்கம்மா எனக்குப் பால் குடுக்கசொல்ல அவர் அங்க இருந்தாருங்களா?"

"இருந்தார், பிரதர். நீங்கதான் அறியல."

"போன வாரம் எங்கம்மாவ சுடுகாட்டுக்கு எடுக்கசொல்ல?"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் இல்லாத இடம் ஏது? உட்காருங்க பிரதர்."

"அப்ப, அங்க வராதவன் நான் ஒருத்தன்தான்" என்றேன்.