நான் அழுது ஜெபித்த அந்தப் பெயர்

இந்தச் சாட்சியில் வருகிற மகிமை முழுவதும் கர்த்தருக்கே. என் பங்குக்கு இருப்பது வெட்கம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பட்டாபிராமில் குடியிருந்தோம். கணவருக்கு ஆவடியில் ஷிப்ட் வேலை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். கலியாணமாகி ஒன்பது வருடம். அவர் நல்லவர்தான், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், படுத்துவிடுவார்.

எங்கள் கம்பெனி ஸ்டோரில் இருந்த சேகர் நெமிலிச்சேரிக்காரர். மாலை ரயிலில் எனக்கு இடம் பிடித்து வைப்பார். நான் பேசினால் காது கொடுத்துக் கேட்பார். ஒரு நாள், "உங்க சாமியப் பத்தி சொல்லுங்க சிஸ்டர்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓர் ஆத்துமா கிடைத்துவிட்டதே என்று பூரித்துப்போனேன்.

காலை ஐந்து மணி ஜெபத்தில் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டேன். முதலில் அது கடைசிப் பெயர். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் வருவதற்குள் முதல் பெயராகிவிட்டது. என் கணவர் பெயருக்கு வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். முழங்காலில் இருக்கும்போதே சேகருடைய சட்டையின் நிறம் நினைவுக்கு வரும். அழுகை வரும். அதை, அவர் இரட்சிப்புக்கான ஆத்தும பாரம் என்று நினைத்துக்கொண்டேன். என்ன பக்தி பாருங்கள்.

ஒரு வியாழக்கிழமை ரயிலில் அவர், "சனிக்கிழமை ஊட்ல யாரும் இருக்க மாட்டாங்க. வந்து எனக்காக ஜெபம் பண்ணிட்டுப் போங்க சிஸ்டர்" என்றார். சரி என்றேன்.

மறுநாள் வெள்ளி உபவாச ஜெபம். வேலை முடிந்து, எங்கள் சபையைச் சேர்ந்த மெர்சி அக்கா வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் கூடினோம். ஜெபக்குறிப்பு கேட்டபோது, ஒரு சகோதரனின் இரட்சிப்புக்காக என்றேன். நாளைக்கு அவர் வீட்டுக்குப் போவதையும் உளறிவிட்டேன்.

"தனியாவா போற? நானும் வரேன் இரு. ரெண்டு பேரா போனாத்தான் நல்லது" என்றாள் அக்கா.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "வேணாங்க்கா, அவரு கூச்சப்படுவாரு" என்று பொய் சொன்னேன். ஒரு ஆத்துமாவுக்காக ஜெபிக்க இன்னொருத்தி வந்தால் எனக்கு ஏன் கோபம் வரவேண்டும்? வீடு வரைக்கும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அப்போதுதான் என் நெஞ்சில் இருப்பது எனக்கே தெரிந்தது. பயந்துபோனேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் சேகர் பெயரைச் சொல்லவில்லை. "ஆண்டவரே, இன்னைக்கு என்னைக் காப்பாத்தும்" என்று மட்டும் கேட்டேன். ஒரு சமாதானமும் வரவில்லை. உபவாசத்தை அன்றைக்கும் நீட்டினேன். ஆனாலும் பீரோவிலிருந்து நல்ல சேலையைத்தான் எடுத்துக் கட்டினேன். மறைத்துச் சொன்னால் அது சாட்சியே இல்லை.

அரை நாள் வேலை. மத்தியான ரயிலில் கூட்டமில்லை. சேகர் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆவடி தாண்டியது. இந்துக் கல்லூரி தாண்டியது. பட்டாபிராமில் வண்டி நின்றது. இறங்கினால் என் வீடு. அடுத்தது நெமிலிச்சேரி. பாதி எழுந்தேன்.

"இன்னா அவசரம்? உக்காரு" என்றார்.

சிஸ்டர் இல்லை. உக்காருங்க இல்லை. உக்காரு. எனக்கு அது பிடித்திருந்தது. மனசு உட்காரத்தான் சொன்னது. ஆனால் வருடக்கணக்காக விடியற்காலையில் கூப்பிட்டுப் பழகிய வாய், என்னைக் கேட்காமலே "இயேசுவே" என்றது. சத்தமாகவே சொல்லிவிட்டேன். வண்டி நகர ஆரம்பித்திருந்தது. குதித்துவிட்டேன். பிளாட்பாரத்தில் விழுந்து முட்டி சிராய்த்தது. பை அவரோடே போய்விட்டது.

நொண்டிக்கொண்டே மெர்சி அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் திட்டவில்லை. காயத்தைக் கழுவிவிட்டு, "மொதல்ல கஞ்சி குடி. அப்புறம் ஜெபிக்கலாம்" என்றாள். திங்கட்கிழமை முதல் பெண்கள் பெட்டியில்தான் ஏறினேன். அடுத்த மாதமே வேறு கம்பெனி பார்த்துக்கொண்டேன்.

கணவரிடமும் சொன்னேன். இரண்டு நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குடும்பம் உடைந்தது என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலை ஜெபத்தில் இருந்தபோது, பக்கத்தில் வந்து முழங்கால் போட்டார்.

"உன்ன மாதிரி எனக்கு ஜெபிக்கத் தெரியாது. நீ என் பேரைச் சொல்லு. நான் கேட்டுகினு இருக்கேன்" என்றார்.

சொன்னேன். அன்றைக்கு வேறு எந்தப் பெயரும் என் வாயில் வரவில்லை.

அன்பான சகோதரிகளே, நீங்கள் யாருக்காக அழுது ஜெபிக்கிறீர்களோ, அந்தப் பெயரை உங்கள் வீட்டார் முன்னால் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு தயங்கினால், உங்களுக்காக ஜெபியுங்கள். பாதி எழுந்து நின்ற என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிட மாட்டார்.