மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போன கிளப்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சென்னிமலை வரை போய்விட்டுக் கோயம்புத்தூருக்குத் திரும்பி வருகிற வழியில் நடந்தது இது. இன்றைக்கும் எங்காவது கல்யாண ஊர்வலத்தின் பேண்டு சத்தம் கேட்டால் எனக்குத் தானாகச் சிரிப்பு வந்துவிடும்.

அப்போது நான் டவுன்ஹால் பக்கம் கிரைண்டர் கடை வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு காலேஜில் இயற்பியல் வாத்தியார். மாமனார் காலமான பிறகு சொத்தைப் பிரித்தபோது, அண்ணன் வீட்டைக் கேட்டார், தம்பி தோட்டத்தைக் கேட்டார், இவர் காரைக் கேட்டார். கார் என்றதும் குடும்பத்தோடு ஏறிக் குலதெய்வம் கோயிலுக்குப் போகிற கார் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் செய்த, கூரையை மடக்கிவிடுகிற, இரண்டே இரண்டு பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மாமனார் இளவயதில் ரேஸ் பைத்தியம். எங்களுக்கோ இரண்டு குழந்தைகள். எங்கே கிளம்பினாலும் இரண்டு பேரை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவருக்குக் கார் ஓட்ட வராது. ஓட்டக் கற்றுக்கொண்ட மூன்றாம் நாளே ஒரு பால்காரரின் சைக்கிள்மேல் இடித்துவிட்டார். யாருக்கும் அடியில்லை. பால் மட்டும் தெருவெல்லாம் ஓடியது. அதோடு ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். ஆக, ஆசை அவருக்கு, லைசென்ஸ் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காரைக் கழுவித் துடைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கூச்ச சுபாவம். காலேஜ் விட்டால் வீடு, வீடு விட்டால் காலேஜ். தோளில் கைபோட்டுப் பேச ஒரு சிநேகிதன் கிடையாது. என்னிடம் பேசுவதைவிட அந்தக் காரிடம்தான் அதிகம் பேசுவாரோ என்று எனக்குச் சந்தேகம்.

எனக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. ஒரு நாள் ஓடினால் ஒரு வாரம் படுக்கும். ஒரு ரப்பர் குழாய் போனால்கூட ஊரெல்லாம் அலையவேண்டும். இதற்குள் பெங்களூரிலிருந்து ஒருவர் காரை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலையில் அவருடைய ஆள் வந்துவிடுவார். நான்கு பேரும் உட்காருகிற மாதிரி ஒரு கார் வாங்கிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். "நீ சொன்னா வித்துரலாம் அம்மணி" என்று இவரும் சொல்லிவிட்டார். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் காரைத் துடைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கிளப்பிலிருந்து போன் வந்தது. சேரச் சொல்லிக் கட்டாயம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சென்னிமலை வரைக்கும் வந்து பாருங்கள், பிடித்தால் சேருங்கள் என்றார்கள். இவர் முகத்தைப் பார்த்தேன். பத்தாவது ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி நின்றார். சரி, போய்ப் பார்ப்போம், சேர்ந்தால் கார் இருக்கட்டும், உதவாது என்று தெரிந்தால் திங்கட்கிழமை கார் பெங்களூருக்குப் போகட்டும் என்று நானே தீர்ப்பு எழுதினேன். குழந்தைகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அவிநாசி ரோட்டில் காலையில் எல்லோரும் கூடினார்கள். ஐந்தாறு கார்கள், ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி மின்னியது. கிளப் செயலாளர் ஒரு மில் குடும்பத்துப் பிள்ளை. வெள்ளை ஷூ, வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. கோட்டைமேட்டில் டயர் வியாபாரம் செய்கிற ஒரு பாய் கறுப்புக் காரில் வந்திருந்தார். செயலாளர் இன்ஜினைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் ஏதேதோ கேட்டார். இவர் ஒவ்வொரு கேள்விக்கும் என் பக்கம் கையைக் காட்டினார். நான்தான் டிரைவர் என்று புரிந்ததும் செயலாளர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

பிறகு விதிகளைச் சொன்னார். முதல் விதி, கல்யாணத்துக்குக் காரைக் கொடுக்கக்கூடாது. நம் பக்கத்தில் திறந்த கார் வைத்திருந்தால் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்காதவர்கள் இல்லை. ஒருவருக்குக் கொடுத்தால் ஜில்லா முழுக்க வந்து வாசலில் நிற்கும் என்றார். அது நியாயம்தான். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஏனுங்க, வண்டி நடுவழியில நின்னு போச்சுன்னா யாருங்க வருவாங்க?"

"அதெல்லாம் நிக்காதுங்க" என்றார் செயலாளர், சிரித்துக்கொண்டே.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஏனென்றால் கடையில் கிரைண்டர் வாங்க வருகிறவர்கள், ரிப்பேர் ஆனால் யார் வருவார்கள் என்று கேட்கும்போது நான் சொல்கிற பதிலும் அதுதான். அந்தப் பதிலுக்கு உள்ளே ஒன்றும் கிடையாது என்பது சொல்கிறவளுக்குத் தெரியாதா? அந்த இடத்திலேயே கிளப்பை மனதுக்குள் தள்ளுபடி செய்துவிட்டேன்.

சென்னிமலை போகிற வரைக்கும் குறை ஒன்றும் இல்லை. அடிவாரத்தில் நின்று முருகனைக் கும்பிட்டோம், சாப்பிட்டோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போவதா என்று நான் இரண்டு ஜமுக்காளமும் ஒரு போர்வையும் வாங்கினேன். அந்தக் காரில் ஒரு டிபன் கேரியர் வைக்கக்கூட இடம் இருக்காது. இவர் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மூக்குவரை மறைந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது, பெருந்துறைக்குப் போகிற வழியில் ஒரு ஊர். மணி நான்கு இருக்கும். பிள்ளையார் கோயில் முன்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு பெருங்கூட்டம். எங்கள் கார் வரிசையைப் பார்த்ததுதான் தாமதம், படபடவென்று பட்டாசு வெடித்தது. பேண்டு முழங்க ஆரம்பித்தது. இரண்டு பெண்கள் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்து, முன்னால் வந்த செயலாளருக்குச் சுற்றி, நெற்றியில் சிவப்பாகத் தடவிவிட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் சரவெடி ஒன்று முழுசாக முடிந்துவிட்டது.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை அழைப்புக்கு ஈரோட்டிலிருந்து ஒரு திறந்த கார் பேசியிருக்கிறார்கள். அது வழியில் எங்கேயோ அச்சு முறிந்து நின்றுவிட்டது, அந்தத் தகவல் இன்னும் இவர்களுக்கு வரவில்லை. எங்களைத்தான் அந்தக் கார் என்று நினைத்துவிட்டார்கள். அது நாங்கள் இல்லை என்று செயலாளர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, டி.வி.எஸ். வண்டியில் ஒருவர் தகவலோடு வந்து சேர்ந்தார். கூட்டத்தில் ஒரே கலவரம். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் மாப்பிள்ளை வண்டியில் ஏறியாக வேண்டும். கோட்டு சூட்டு, கழுத்து நிறைய மாலையோடு வெயிலில் நின்றிருந்த மாப்பிள்ளைப் பையன் பாவமாக ஒரு டிராக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ அதற்குள் அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

செயலாளர் நெளிந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் விதி அவர் எழுதினது. மாப்பிள்ளையின் அம்மா நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங் அம்மணி, பொண்ணு வீட்டுக்காரங்க ஊரையே கூட்டி வெச்சுருக்கறாங்க. டிராக்டர்ல போயி எறங்குனா என்ற பையன் மூஞ்சி என்னாகறதுங்க?"

நான் செயலாளரைப் பார்த்தேன். "நாங்க இன்னும் கிளப்புல சேரலைங்களே" என்றேன். அவருக்கே அது நிம்மதியாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். பாய் மட்டும் பக்கத்தில் வந்து, "தங்கச்சி, இந்த வண்டியெல்லாம் ஓடுனாத்தான் காத்து வாங்கும். நடக்க உட்டா கொதிச்சுரும், பாத்துக்கம்மா" என்றார். ஊர்வலத்தை வேகமாக ஓட்ட முடியுமா என்ன? சரி என்று தலையாட்டிவிட்டேன். கிளப் கார்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கி முன்னால் போய்விட்டன. இதுதான் உங்கள் கிளப்பின் லட்சணமா என்று நினைத்துக்கொண்டேன்.

சீட்டில் ஒரு கிழிசல் இருந்தது. வாங்கின போர்வையைப் பிரித்து அதன்மேல் விரித்தோம். மாப்பிள்ளை காரின் பின்மேட்டில் உயரமாக உட்கார்ந்து, காலைச் சீட்டில் வைத்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். மண்டபம் ஒரு மைல்கூட இல்லை. ஆனால் பேண்டுக்காரர்கள் நாலடி நடந்தால் எட்டு நிமிஷம் நின்று வாசித்தார்கள். முன்னால் பையன்கள் ஆடினார்கள். சூடு காட்டுகிற முள் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. எனக்குக் கழுத்தெல்லாம் வியர்வை. பாதி வழியில் புஸ்ஸென்று ஒரு சத்தம். முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. இன்ஜின் இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

பேண்டும் நின்றது.

ராகு காலம் தொடங்கிவிட்டது. ஏறின மாப்பிள்ளை மண்டப வாசலில்தான் இறங்க வேண்டும், நடுவில் இறக்கி டிராக்டரில் ஏற்ற முடியாது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "சகுனம் சரியில்லியே" என்று முனகியது என் காதில் தெளிவாக விழுந்தது. உபகாரம் செய்ய வந்து, முகம் தெரியாத ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு ஆயுசுக்கும் ஒரு பேச்சை வாங்கிக் கொடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்கு அவள் வீட்டில் பால் திரிந்துபோனால்கூட அன்றைக்கு நின்ற காரைத்தான் சொல்லுவார்கள்.

அப்போது முன்னாலிருந்து தட்தட்டென்று ஓடிவருகிற சத்தம். பார்த்தால், நெற்றியில் ஆரத்திச் சிவப்போடு செயலாளர். பின்னால் பாய். அவர்களுக்குப் பின்னால் கிளப் முழுக்க, மனைவிமார் உட்பட. மண்டபத்தைத் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றிருக்கிறார்கள். கொட்டு நின்றதும், வண்டி நின்றுவிட்டது என்று புரிந்துகொண்டு டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறார்கள். பாய் பேண்டுக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். "அடிங்கப்பா! ஏன் நிறுத்துனீங்க?"

பேண்டு மறுபடி முழங்கியது. செயலாளர் காரின் பின்பக்கம் போய்க் கையை வைத்தார். இந்தப் பக்கம் பாய், அந்தப் பக்கம் மற்றவர்கள். இன்ஜின் சத்தமே இல்லாமல் கார் நகர்ந்தது. நான் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டேன். தொப்பியும் கூலிங் கிளாஸுமாகப் பெரிய மனிதர்கள் இரண்டு வரிசையாக நின்று மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்ததும், பெரிய இடத்துக் கல்யாணத்தில் இப்படித்தான் போலிருக்கிறது என்று கூட்டம் முடிவு கட்டிவிட்டது. சகுனம் சொன்ன பெரியவரும் வந்து ஒரு கை வைத்தார். மாப்பிள்ளை முதல் முறையாகச் சிரித்தான்.

நான் திரும்பாமலே கேட்டேன். "அதெல்லாம் நிக்காதுன்னீங்களேங்க?"

மூச்சு வாங்கிக்கொண்டே பதில் வந்தது. "நின்னா தள்ளுவோமுங்க. அதைச் சொல்ல மறந்துபோட்டேனுங்க."

அப்போதுதான் கண்ணாடியில் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஜமுக்காள மூட்டையை யாரிடமோ கொடுத்துவிட்டு, செயலாளருக்கும் பாய்க்கும் நடுவில் தோளோடு தோள் உரசத் தள்ளிக்கொண்டிருந்தார். பாய் ஏதோ சொன்னார். இவர் தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் கண் கலங்கிவிட்டது. பெங்களூர்க்காரர் விஷயம் அந்தக் கண்ணாடியிலேயே முடிந்துபோனது.

மண்டப வாசலில் மாப்பிள்ளை ராஜாவாட்டம் இறங்கினான். இவங்களெல்லாம் யாரு என்று பெண் வீட்டார் விசாரித்தபோது, மாப்பிள்ளையின் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் "நம்ம ஆளுங்கதானுங்க" என்றார். எங்களைப் பந்தியில் உட்காரவைத்துத்தான் விட்டார்கள். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த கல்யாணப் பெண் என்னைப் பார்த்துக் கை ஆட்டியது. சாப்பிட்டு வருவதற்குள் கார் ஆறியிருந்தது. வெடித்துப்போன ரப்பர் குழாய்க்குப் பதிலாகப் பாய் தன் வண்டியில் வைத்திருந்த ஒன்றை மாட்டினார். செயலாளர் வெள்ளை ஷூவெல்லாம் சேறாக, மண்டபத்துக் குடத்தைச் சுமந்து வந்து தண்ணீர் ஊற்றினார். கிளம்பும்போது, "அந்த முதல் ரூலைக் கொஞ்சம் மாத்தோணுமுங்க" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

அடுத்த வாரமே சேர்ந்தோம். கார் பிறகும் நின்றது, ஊட்டி மலையில் நின்றது, காரமடைத் தேருக்குப் போகிற வழியில் நின்றது. ஒவ்வொரு முறையும் இவருக்கு ஒரு சிநேகிதர் கூடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்குப் பக்கத்தில் போட்ட ஒற்றை ஸ்டூல் போதாமல் பெஞ்சு வாங்கிப் போட்டோம்.

கடையில் என் பதிலும் மாறிவிட்டது. ரிப்பேர் ஆனால் யார் வருவார்கள் என்று யாராவது கேட்டால், அதெல்லாம் ஆகாதுங்க என்று இப்போது நான் சொல்வதில்லை. "ஆகுமுங்க. ஆனா நான் வாரேனுங்க" என்கிறேன். போகவும் செய்கிறேன். படியேறி ஒரு வீட்டுக்குள் போகும்போதெல்லாம், கொட்டு நின்றதைக் கேட்டு டீயை வைத்துவிட்டு ஓடிவந்த அந்தக் காலடிச் சத்தம் எனக்குள் கேட்கிறது.