மாமாவை இறக்கிய டீ டோக்கன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக அம்மன் முன்னால் நின்று கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்வதா என்று ஒரு பக்கம் தயக்கம். நான் பத்தாவதோடு நின்றவள், எனக்கு எழுத வருமா என்று இன்னொரு பக்கம் கூச்சம். பூஜை முடித்துப் பேனாவை எடுப்பேன், பால் பொங்கும், பேனாவை வைத்துவிடுவேன். இப்போது நான் கொரட்டூரில் ஒரு அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். போன வாரம் எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் படித்த பிள்ளை ஒருவர், “ஓட்டுப் போட்டு அனுப்பிட்டா அஞ்சு வருஷத்துக்கு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது ஆன்ட்டி” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பண்ண முடியும் தம்பி, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கூட்டம் லிஃப்ட் ரிப்பேருக்குத் தாவிவிட்டது. அன்றைக்கே அம்மன் மேல் பாரத்தைப் போட்டு எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நாங்கள் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் தொழிற்சாலைகளை ஒட்டிய லைன் வீடுகளில் இருந்தோம். அப்பாவுக்கு இரும்புப் பட்டறைக் கம்பெனியில் வேலை. என் தாய்மாமனும் அதே கம்பெனி. அம்மா பக்கத்தில் இருந்த துணிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்தாள். இரண்டு கம்பெனிக்கும் ஒரே சங்கம். கம்பெனி கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் சங்கத்து ஜனங்களே செங்கல் சுமந்து கட்டிய மாரியம்மன் கோயில் இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கேட்டுக்குள் நுழைவார்கள்.

எனக்கு ஏழு வயசாகியும் காது குத்தவில்லை. மாமா மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அந்த அம்மன் சந்நிதியில்தான் குத்த வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் நாள் குறித்தார்கள், மாமா ஸ்ட்ரைக்கில் இருந்தார். அடுத்த வருஷம் குறித்தார்கள், மாமா தேர்தலில் நின்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் மூளிக் காதைப் பிடித்து இழுப்பார்கள். மாமாவுக்கு நேரம் கிடைப்பதைப் பொறுத்து இருந்தது என் காது.

மாமாவைக் கவுன்சிலர் ஆக்கியது சங்கம்தான். பெரிய கட்சிக்காரர்கள் வேன் வைத்துச் சுற்றினார்கள். சங்கத்து ஆண்கள் ஷிப்ட் முடிந்த கையோடு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துச் சின்னம் வரைந்தார்கள். பெண்கள் வீடு வீடாகப் போய்க் குங்குமம் கொடுத்து ஓட்டுக் கேட்டார்கள். வேட்புமனு கொடுக்கப் போன காலையில் மாமா அம்மன் முன்னால் நின்று, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, “சங்கத்து ஜனம் எறங்குடான்னா அந்த நிமிஷமே எறங்கிடுவேன். இது தாயி மேல சத்தியம்” என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கை சுட்டுவிட்டதே என்று அழுகிறாள் என நினைத்தேன்.

ஜெயித்து ஒரு வருஷம் எல்லாம் நன்றாகப் போயிற்று. பிறகு வந்தது அந்தச் சந்து விவகாரம்.

ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகளுக்கு வர ஒரு சந்து உண்டு. நெமிலிச்சேரி, பட்டாபிராம் பக்கமிருந்து முதல் வண்டியில் வரும் பெண்கள் அதன் வழியாகத்தான் நடப்பார்கள். ஒரு கம்பெனி அந்தச் சந்தைத் தன் காம்பவுண்டுக்குள் சேர்த்துக்கொள்ளக் கேட்டது. பதிலுக்கு எங்கள் தெருவுக்கு சிமென்ட் ரோடு போடுகிறோம், கான்ட்ராக்ட் பையன்கள் சிலரை நிரந்தரம் செய்கிறோம் என்றது. கவுன்சிலர்கள் கூட்டத்தில் மாமா அதற்குக் கை தூக்கிவிட்டார். உடனே சந்தின் வாயில் தகரத்தை வைத்து அடைத்தார்கள். பெண்கள் லாரி ஓடுகிற மெயின் ரோட்டைச் சுற்றி விடியாத இருட்டில் வர வேண்டியதாயிற்று. அம்மாவுக்குப் பக்கத்து மெஷினில் தைக்கிற அக்காவின் தங்கச்சியை லாரி இடித்துக் கால் முறிந்தது.

சங்கம் மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டது. தெருவுக்கு ரோடு வரட்டும், அப்புறம் பேசலாம் என்றார். மறுபடி கூப்பிட்டது. அவர் வரவில்லை. கடைசியில் சங்கத் தலைவர், தலை முழுக்க நரைத்த மனிதர், ஒரு முடிவு சொன்னார். நாம்தான் ஏற்றினோம், இறக்குவதா வேண்டாமா என்று நாமே ஓட்டுப் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை, அம்மன் முன்னால்.

அந்த வாரமே மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, புது பைக். அம்மா அடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, நீயும் அவுங்களோட சேந்துகினியா?”

“நான் எங்கயும் சேரல. இருந்த இடத்துலதான் கீறேன். சாப்பிடு.”

“வக்கீலாண்ட கேட்டுட்டேன். சட்டத்துல இதுக்கு எடமே கெடையாது. அஞ்சு வருஷம் எவனும் என்னை அசைக்க முடியாது.”

அம்மா அடையைத் திருப்பிப் போட்டாள். “நீ வக்கீலாண்ட கற்பூரம் அடிக்கலியே நைனா.”

மாமா பாதி அடையோடு எழுந்துவிட்டார். அப்பா வாசல் வரைக்கும் பின்னாலேயே போய், “இன்னா மச்சான், அவ பேசறத்தப் போயி” என்று சமாதானம் சொன்னார். மாமா பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.  இந்த வருஷமும் காதுகுத்து போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஓட்டு எப்படிப் போடுவது என்பதில் ஒரு சிக்கல். கை தூக்கச் சொன்னால் பலர் பயப்படுவார்கள், நிரந்தர வேலை வாங்கித் தருவதாக மாமா ஆட்கள் சொல்லி வைத்திருந்தார்கள். சீட்டில் எழுதச் சொன்னால் எழுதத் தெரியாதவர்கள் உண்டு. தலைவர் யோசித்து டீ டோக்கனைப் பிடித்தார். கம்பெனி கேன்டீனில் ஒரு டோக்கன் கொடுத்தால் ஒரு டீ. தன் டோக்கனைப் போடுகிறவன் தன் டீயை விட வேண்டும், அதனால் விளையாட்டாக யாரும் இரண்டு போட மாட்டான். அம்மன் முன்னால் இரண்டு குடம். வேப்பிலை கட்டிய குடம் என்றால் இறங்கட்டும், மஞ்சள் துணி கட்டிய குடம் என்றால் இருக்கட்டும். மூடிய கையை இரண்டு குடத்துக்குள்ளும் விட வேண்டும், ஒன்றில் மட்டும் விரலைத் திறக்க வேண்டும். டோக்கன் விழுகிற சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று குடத்துக்குள் அடியில் மணல் கூட நிரப்பினார்கள். அவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள்.

ஞாயிறு காலை அம்மா தலைக்குக் குளித்து முந்தானை முனையில் டோக்கனை முடிந்துகொண்டிருந்தாள். சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

“அடியே, எங்களுது பித்தளை. உங்க கம்பெனிது சிவப்பு பிளாஸ்டிக்காச்சே!”

“ஆமா.”

“கொட்டினா பொம்பளைங்க எங்க போட்டீங்கன்னு பளிச்சினு தெரியுமேடி. மச்சான் கண்ல படும்.” அவசரமாகப் பையைத் துழாவி ஒரு பித்தளை டோக்கனை நீட்டினார். “இந்தா, இத்த போடு.”

“படட்டும்” என்றாள் அம்மா. முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள்.

கோயிலில் அப்பா தலைவர் காதில் போய்ச் சொன்னார். தலைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். உடனே ஆண்களிடமிருந்து உபரிப் பித்தளை டோக்கன்களைத் துண்டில் வாங்கிப் பெண்கள் பக்கம் ஓடினார். “மாத்திக்குங்கம்மா, யாருக்கும் தெரியாது.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து மெஷின் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “எங்க டீய நாங்க உடறோம். உங்க டீ எங்களுக்கு இன்னாத்துக்கு அண்ணாத்தே?” என்றாள். குபீரென்று ஒரு சிரிப்பு கிளம்பியது. துண்டை யாரும் தொடவில்லை. அம்மா சிரிக்காமல் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

மாமாவும் வந்திருந்தார். சிநேகிதர்களோடு பைக் மேல் சாய்ந்து நின்றார். கடைசியில் தலைவர் அவரைப் பார்த்து, “நீயும் உறுப்பினர்தானே, வாப்பா” என்றார். மாமா தோளைக் குலுக்கிவிட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு டோக்கனை எடுத்து இரண்டு குடத்துக்குள்ளும் கையை விட்டு எடுத்தார். அந்தப் பித்தளை எந்தக் குடத்தில் விழுந்தது என்பது இன்று வரைக்கும் அந்தத் தாய்க்கு மட்டும்தான் தெரியும்.

நான் வேப்பமரத்தடியில் கண்ணை மூடிக் கும்பிட்டேன். தாயே, மஞ்சத் துணிக் குடத்துல ஒரே ஒரு சிவப்பு இருக்கட்டும். அது எங்கம்மாதுன்னு மாமா நெனச்சிக்கட்டும். என் காதுகுத்து தப்பிச்சிக்கும்.

முதலில் மஞ்சள் துணிக் குடத்தை வேஷ்டியின் மேல் சல்லடை வைத்துக் கவிழ்த்தார்கள். மணல் உதிர்ந்தது, பித்தளை மினுங்கியது. நிறையத்தான் இருந்தது. மாமா ஆட்கள் விசிலடித்தார்கள். நான் சல்லடைக்குள் எட்டி எட்டிப் பார்த்தேன். எல்லாம் பித்தளை. பிறகு வேப்பிலைக் குடம். அதிலும் ஏறக்குறைய அதே அளவு பித்தளை, அதற்கு நடுவில் மாதுளையை உடைத்தது போல் சிவப்பு. ஒன்று விடாமல் அத்தனை சிவப்பும் அங்கேதான் கிடந்தது. எண்ணிப் பார்க்கவே தேவையில்லாமல் போயிற்று.

“செல்லாது, செல்லாது! எவனோ காசு குட்த்து பொம்பளைங்கள ஏத்தி வுட்டுட்டான் மாமே!” என்று மாமாவின் சிநேகிதர் ஒருவர் கத்தினார். பக்கத்து மெஷின் அக்கா சண்டைக்குப் புடவையைச் செருகினாள். மாமா கையை உயர்த்தி இரண்டு பேரையும் நிறுத்தினார். சல்லடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். சிவப்பு டோக்கன்களை விரலால் மெதுவாக ஒதுக்கினார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

“இதுல உன்னுது எதுக்கா?”

“எல்லாம் ஒண்ணுதான்டா” என்றாள் அம்மா. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. கை மட்டும் என் தோளை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தது.

மாமா ஒரு சிவப்பு டோக்கனை எடுத்து மணலை ஊதிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “கற்பூரம் கீதா?” என்று பூசாரியைக் கேட்டார். ஏற்றினார், கும்பிட்டார். பைக்கைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார். மறுநாள் ராஜினாமா கொடுத்துவிட்டதாக அப்பா வந்து சொன்னார். எந்தச் சட்டமும் கேட்காத ராஜினாமா. அடுத்து வந்த தேர்தலில் சங்கம் பக்கத்து மெஷின் அக்காவையே நிறுத்தியது, அவள் ஜெயித்தாள், தகரம் எடுக்கப்பட்டது. அந்தச் சந்தில் இன்றைக்கும் ஜனங்கள் நடக்கிறார்கள். ஏன் அது திறந்திருக்கிறது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு மாமா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அம்மா அவருக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. ஆனால் தை மாதம் என் காதுகுத்துக்கு நாள் வைத்தாள். தாய்மாமன் இல்லாமலா என்று அப்பா கேட்டதற்கு, “வருவான்” என்றாள். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமைதோறும் அவள் அம்மனை ஈரப்புடவையோடு சுற்றி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். யாருக்காகச் சுற்றினாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்று காலை நாங்கள் கோயிலுக்குப் போனபோது மாமா எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை இல்லை, கம்பெனியின் நீலச் சட்டை. பக்கத்தில் சீர்த் தட்டு, பாவாடைத் துணி, தோடு. அம்மா, “சாப்டியா?” என்றாள். மாமா, “இன்னும் இல்லக்கா” என்றார். இவ்வளவு பெரிய சண்டை இவ்வளவு சின்னதாக முடியுமா என்று எனக்கு ஏமாற்றமாகக் கூட இருந்தது.

ஆசாரி ஊசியை எடுத்ததும் நான் அலறினேன். மாமா என்னை மடியில் இறுக்கிக்கொண்டார். சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். “அழக் கூடாது. இத்த கெட்டியாப் புடிச்சிக்கோ. உங்கம்மா மாதிரி புடிச்சிக்கோ” என்றார். திறந்து பார்த்தேன், சிவப்பு டோக்கன். ஏமாந்துவிட்டேன். மிட்டாய் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவும் அதைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி அம்மனைப் பார்த்து நின்றாள். இரண்டு காதும் குத்தி முடித்துச் சந்தனம் வைக்கிற வரைக்கும் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. என் காது சீழ் பிடிக்காமல் ஆற வேண்டும் என்றுதான் அவ்வளவு நேரம் வேண்டிக்கொள்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த டோக்கன் என் பூஜை அலமாரியில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். மாமாவைத் திருடன் ஆக்காதீர்கள், அம்மாவைத் தெய்வம் ஆக்காதீர்கள். சிவப்பு டோக்கனைப் பித்தளை என்று மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.