மேலிடம் சொல்லும் மெனு

"தம்பி, மேற்குப் பக்கம் கருக்குது. கோழிய இன்னும் அடுப்புல போட்றலையே?"

போனில் என் அண்ணி. அவர் பேசுகிற இடம், கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும் மைதானத்தில் நிற்கும் கிரேனின் உச்சி. ஒரே ஒருவர் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டு. நான் வீட்டுச் சமையலறையில், இரண்டு கையிலும் எலுமிச்சைச் சாறும் மிளகுமாக, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நிற்கிறேன். வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் தொழில். பிழை திருத்துகிறவனுக்கு நேரம் ஏராளமாக இருக்கும் என்று அண்ணி தானாகவே முடிவுகட்டி, குளிர்காலம் முழுவதற்கும் என்னை அடுக்களைக்கு நியமித்துவிட்டார். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

கிரேனின் கொக்கி சுமையில்லாமல் காலியாகத் தொங்கும்போது மட்டும்தான் போனைத் தொடுவார். அதில் படு கறார். அந்தச் சில நிமிடங்களில் மெனு எத்தனை தரம் வேண்டுமானாலும் மாறும். கீழே கம்பி கட்டுகிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மேலிடம்'. எங்கள் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. "மேலிடத்து உத்தரவு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அண்ணன் கடைக்குக் கிளம்புவார்.

புருவம் வரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி, விரல் நுனிகளை வெட்டிவிட்ட கையுறை, பையில் எப்போதும் வறுத்த கடலை. மேலே அத்தனை உயரத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறவர், தரைக்கு வந்தால் வாசற்படியில் கால் இடறாமல் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. உற்சாகம் வந்துவிட்டால் எதையும் இரண்டு தரம் சொல்வார், இரண்டாவது தரம் இன்னும் உரக்க. குளிர்காலத்தில் அவருக்கு நாள் முழுக்க உற்சாகம்தான். காலையில் துணி காயப்போடச் சொல்லும் வெயில், மத்தியானம் அந்தத் துணியைப் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோகும் காற்று, சாயங்காலம் மழையோ ஆலங்கட்டியோ. ஊரே சலித்துக்கொள்ளும். அண்ணிக்கு மட்டும் அது திருவிழா.

மழையிலும் அவருக்கு வகை உண்டு. "இது சூப்பு மழை இல்ல தம்பி, வறுவல் மழை. சும்மா நசநசன்னு தூறும், மொறுமொறுன்னு எதையாவது கடிச்சாத்தான் சரியா வரும்." காய்ந்த குளிருக்கு அடுப்பில் வாட்டிய கோழி. மூடுபனி என்றால் கிழங்கு மசியல், அதுவும் ஆவி பறக்க. வானிலைச் செய்தி வாசிப்பவரை அவர் மதிப்பதே இல்லை. "அவன் கம்ப்யூட்டரப் பாத்துச் சொல்றான், நான் வானத்தப் பாத்துச் சொல்றேன்" என்பார். அப்படிப் பார்த்துச் சொன்னதில் பாதி பலிக்காது. அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "மழை வர்ற வழியில டீ குடிக்க நின்னிருக்கும், வந்துடும்" என்று வெள்ளை வெயிலைப் பார்த்துக்கொண்டே சூப்பை ஆற்றுவார்.

சனிக்கிழமை ராத்திரி குடும்பம் முழுவதும் ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அந்த மேஜையில் ஒரு நாற்காலி ஒரு வருஷமாகக் காலி. அது அண்ணியின் மகளைக் கட்டிய மாப்பிள்ளையின் இடம். அவர் இரண்டு சக்கர வண்டியில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர். கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்திருந்தார். வெளியே மழை. அண்ணிக்குத்தான் மழை வந்தால் தலைகால் புரியாதே. "இனி மழை வந்தா நமக்கென்ன கவலை? சாப்பாடு கொண்டுவந்து குடுக்க வீட்டுலயே ஆள் இருக்கு!" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். மாப்பிள்ளை கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். "வயிறு நெறஞ்சுடுச்சு அத்தை" என்று எழுந்துபோனவர், அதன் பிறகு வரவில்லை. மகள் மட்டும் வருவாள்.

"போன்ல மன்னிப்பு கேக்கலாம் தம்பி. 'பரவாயில்ல அத்தை'ன்னு சொல்லி வெச்சிடுவாரு. அந்தக் கோபமே இல்லாத குரலு இருக்கு பாருங்க, அதுதான் பயமா இருக்கு" என்று ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். கண்ணைத் துடைத்ததற்கு வெங்காயத்தின் மேல் பழி போட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் இந்த வாரம் மகள் போன் செய்தாள். "அவரும் வர்றேன்னு சொல்லிட்டாரும்மா. மழை இல்லன்னா." மழை கொட்டினால் யாரும் வெளியே இறங்க மாட்டார்கள், ஆர்டர் குவியும், அவரால் நகர முடியாது. அண்ணி இதைக் கேட்டதும் வீட்டுக்குள்ளேயே நடந்து தீர்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் பளிச்சென்ற வெயில். மேலிடத்திலிருந்து முதல் உத்தரவு: மொட்டை மாடியில் கரி மூட்டிக் கோழி வாட்டல். நான் கோழிக்கு எலுமிச்சையும் மிளகும் தடவி ஊறவைத்தேன். மத்தியானம் காற்று. இரண்டாவது உத்தரவு அண்ணனுக்குப் போனது: கோழி அடுப்பிலேயே வேகட்டும், கூடவே பால் ஊற்றிக் காளான் சூப். ஊறிய கோழிக்கு இன்னொரு கை தடவிக்கொண்டிருந்தபோது வந்த மூன்றாவது உத்தரவுதான் ஆரம்பத்தில் சொன்ன, மேற்கே கருத்த கதை. "சூப்பு மழை தம்பி, கெட்டியான சூப்பு மழை! கோழியையும் அதுலயே போட்டுடுங்க!" போட்டேன். பாலில் எலுமிச்சை விழுந்தால் என்ன ஆகும் என்பது மேலே இருந்தவருக்கும் தோன்றவில்லை, கீழே இருந்த எனக்கும் உறைக்கவில்லை. அண்ணன் மூடியைத் திறந்து பார்த்தார். சூப் திரிந்து, தண்ணீர் தனியாகக் கட்டி தனியாக நின்றது. "மேலிடத்துக்கு நீயே சொல்லிக்கோ" என்று மூடிவிட்டார்.

சொல்ல அவசியம் வரவில்லை. காற்று மிஞ்சியதால் கிரேனை நிறுத்திவிட்டார்கள். நனைந்து வந்த அண்ணி நேராகப் பானையைத் திறந்தார், மூடினார். கொஞ்ச நேரத்தில் வாசலில் மகள் குடையை உதறினாள். தனியாக.

"கடைத்தெருவுல நிக்கிறாரும்மா. ஆர்டர் மேல ஆர்டர் வருது."

அண்ணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஒரு நிமிஷம்தான். எழுந்து இரண்டு துண்டுகளால் பானையைச் சுற்றிக் கட்டினார்.

"எங்க கெளம்பிட்ட? மழையப் பாத்தியா?" என்றார் அண்ணன்.

"அவரும் அந்த மழையிலதான நிக்கிறாரு. தம்பி, கிண்ணமும் கரண்டியும் எடுங்க!"

நான் குடை பிடிக்க, அவர் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். பூட்டிய துணிக்கடையின் தகரக் கூரைக்கு அடியில் நாலைந்து வண்டிக்காரர்கள் ஒடுங்கி நின்றார்கள். மழைச் சட்டையில் தண்ணீர் சொட்ட மாப்பிள்ளையும் நின்றார்.

"அத்தை! நீங்க எதுக்கு இந்த மழையில..."

"மாப்ள, அன்னிக்கு நான் பேசினது தப்பு. சிரிப்புன்னு நெனச்சு உங்க வேலையக் கேலி பண்ணிட்டேன்." தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று மறுபடி உரக்கச் சொன்னார். அங்கே நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"சூப்பு வேற திரிஞ்சு போச்சு" என்றார் அண்ணி, அழுகிற குரலில்.

மாப்பிள்ளை கையுறையைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்தை வாங்கினார். நின்றபடியே குடித்தார். நடுவில் அவர் போன் கூவியது, இன்னொரு ஆர்டர். எடுத்துப் பார்த்தார், அணைத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அத்தை" என்று கிண்ணத்தை நீட்டினார்.

அண்ணி ஊற்றினார். கிண்ணம் நிரம்பி, அவர் விரல்களின் மேல் வழிந்து, முழங்கை வரை ஓடியது. அவர் கிண்ணத்தை விலக்கவில்லை. அண்ணி ஊற்றிக்கொண்டே இருந்தார்.