ராகாபின் கயிறும் அம்மாவின் பாவாடையும்

அப்பாவின் பிரசங்கம் கேட்காமல் எங்கள் வீடு ஒரு வருடத்தைத் தள்ளிவிட்டது. முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கு வந்து இந்த மலரை வாசிக்கும் உற்றார் உறவினருக்கு மூத்த மகளின் ஸ்தோத்திரம்.

அப்பா வடகரையில் பிறந்தார்கள். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்து, வயல்வேலை செய்துகொண்டே படித்து, தென்காசியில் பள்ளி ஆசிரியரானார்கள். பழைய ஏற்பாட்டில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அப்பாவுக்கு இயேசுவின் மீட்பு தெரியும். குற்றாலத்தில் உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவிக்குப் போகிறவர்களை நிறுத்தி, மோசே கன்மலையை அடித்ததும் தண்ணீர் வந்த கதையைச் சொல்லி, அந்தக் கன்மலை கிறிஸ்துவுக்கு முன்னடையாளம் என்று விளக்குவார்கள். ஒரு அண்ணாச்சி, "சாரே, கண்ணுல எண்ணெய் எரியுது. குளிச்சிட்டு வந்து ரட்சிக்கப்படுதேன்" என்று கும்பிட்டார்.

இப்படிப்பட்ட அப்பாவின் மகளான நான் சொல்லாமல் கொள்ளாமல், நம் சபைக்கு வெளியே ஓர் ஆர்.சி. கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டேன். "அவ இனி என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார்கள் அப்பா. எட்டு மாதம் அழுதேன். ஆடி மாதத்தில் ஒருநாள், அப்பா பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்து, நாங்கள் இருவரும் அம்மாவைப் பார்க்க வந்தோம். பேச்சில் நேரம் போனதே தெரியவில்லை. திடீரென்று தெருவில் அப்பாவின் குடை! வீட்டுக்குப் பின்வாசலும் கிடையாது. என் வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னால் ஒளிந்தார். ஆறடி ஆளுக்குக் கதவு பத்தவில்லை, கால் வெளியே தெரிந்தது.

அப்பா குடையை மடக்கி, வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளைப் பார்த்தார்கள். முகம் கறுத்தது. பிறகு அண்ணாந்து பார்த்தார்கள். மாடி ஜன்னலில் சிவப்பாக ஒன்று தொங்கியது. சாரலில் துணி காயாமல் அம்மா போட்டிருந்த உள்பாவாடை. (இதை மலரில் எழுதாதே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள், எழுதிவிட்டேன்.)

"ராகாபோட சிவப்புக் கயிறு!" என்று தெருவே கேட்கச் சொன்னார்கள் அப்பா. எரிகோ பட்டணம் விழுந்தபோது, ராகாப் என்ற பெண் ஜன்னலில் கட்டிய அந்தக் கயிறு தொங்கிய வீட்டுக்குள் இருந்த எல்லாரும் பிழைத்தார்கள், அது கிறிஸ்துவின் இரத்தத்துக்கு முன்னடையாளம் என்று நாங்கள் எத்தனையோ ஞாயிறு கேட்டதுதான். "உள்ள யாரு இருந்தாலும் தொடக் கூடாது. அதுல்லா கிருபை" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, கதவுக்கு அடியில் தெரிந்த காலைப் பார்த்து, "மாப்ள, வெளிய வாங்க. காப்பி குடிச்சாச்சா?" என்றார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் கஞ்சி கொண்டுவந்தவர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், ஜெபமாலையோடு பார்க்க வந்து அரைமணி நேரம் பிரசங்கம் கேட்டுத் திரும்பிய என் மாமியாருக்கும் எங்கள் நன்றி.

அப்போதுதான் ஒருநாள் எனக்கு மனசு கேட்கவில்லை. "அப்பா, அன்னைக்குத் தொங்குனது கயிறு இல்ல, அம்மா காயப்போட்ட பாவாடை" என்றேன்.

அப்பா கண்ணைத் திறக்காமலே சிரித்தார்கள். "தெரியும் ஏட்டி. என் வழுக்கையிலதான சொட்டுச்சு. ஒன்னய உள்ள விட ஏதாவது வசனம் கெடைக்காதான்னு எட்டு மாசமா தேடிக்கிட்டுல்லா இருந்தேன்."